முகம் தெரியாத வகுப்புக்குப் பாடம் தயாரிப்பது

வகுப்பறையில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த வருடங்களில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கத்தின் சூத்திரத்தைப் பலகையில் எழுதி முடித்ததும் சட்டென்று திரும்பி மாணவர்களின் முகத்தைப் பார்ப்பேன். எங்காவது ஒரு புருவம் சுருங்கியிருக்கும். எழுதிக்கொண்டிருந்த ஒரு பேனா நின்றிருக்கும். "சரி, இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்று வேறு எண்களை வைத்து மறுபடி ஆரம்பிப்பேன். யாரும் கை தூக்கியிருக்க மாட்டார்கள், கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பாடம் அந்த முகங்களுக்கு ஏற்ப வளைந்து வளைந்து போகும். இதை ஒரு திறமை என்று நான் நினைத்ததே இல்லை. இணையவழிப் பாடம் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான், நான் கற்பித்ததில் பாதி அந்தப் பார்வையில்தான் நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

முதல் பாடத்தை எப்படிச் செய்தேன் என்றால், வகுப்பில் பயன்படுத்திய அதே ஸ்லைடுகளைத் திரையில் ஓட்டி, அதே பேச்சைப் பதிவு செய்தேன். 52 நிமிட வீடியோ. கடைசியில் பத்துக் கேள்விகள். கூடவே ஒரு பிடிஎஃப் கோப்பு. உழைப்பில் குறை வைக்கவில்லை. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து, அந்த வீடியோவை யார் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடத்தைத் திறந்தேன். ஐந்தாவது நிமிடத்துக்குள்ளேயே கோடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அது வலித்தது. ஆனால் அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொரு இடம். பத்தொன்பதாவது நிமிடத்தில் கோடு திடீரென்று ஒரு குன்று போல எழும்பியிருந்தது. அதுவரை தாக்குப்பிடித்தவர்கள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். என்ன சொல்லியிருக்கிறேன் என்று போட்டுக் கேட்டேன். வர்க்கங்களைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, மூன்று படிகளை ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தேன். வகுப்பில் என்றால் அந்த இடத்தில் கட்டாயம் திரும்பிப் பார்த்திருப்பேன். அந்தக் குன்றுதான் சுருங்கிய புருவம். இரண்டு மாதம் தாமதமாக என் கண்ணில் பட்டது.

அதற்குப் பிறகு நான் செய்த மாற்றங்கள் எல்லாமே ஒரு கேள்வியிலிருந்து வந்தவை. இந்த இடத்தில் ஒருவர் தடுமாறினால் பாடத்துக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்தால் அவருக்கு என்ன செய்யும்?

முதலில் நோக்கத்தைத் திருத்தினேன். "மாணவர் திட்ட விலக்கத்தைப் புரிந்துகொள்வார்" என்று பழைய பாடத்தின் முதல் ஸ்லைடில் எழுதியிருந்தேன். புரிந்ததா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். முகம் இல்லாத இடத்தில் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இப்போது இப்படி எழுதுகிறேன்: ஐந்தாறு எண்களைக் கொடுத்தால் திட்ட விலக்கத்தைக் கையால் கணக்கிடுவார், சராசரி ஒன்றாக இருக்கும் இரண்டு தொகுப்புகளைக் காட்டினால், எதில் சிதறல் அதிகம் என்று கணக்குப் போடாமலே சொல்லி, காரணமும் சொல்வார். இவ்வளவு கறாராக எழுதிவிட்டால் கேள்விகள் தாமாக வந்துவிடுகின்றன. அதனால் கேள்விகளை முதலில் எழுதுகிறேன், பாடத்தைப் பிறகு. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உதவாத ஸ்லைடு எதுவானாலும் வெளியே. முதல் முறை இப்படிச் சலித்தபோது பாதி ஸ்லைடுகள் போய்விட்டன. சூத்திரத்தின் வரலாறு போனது. வேறு பாடத்தில் வர வேண்டிய பரவல் வரைபடங்கள் போயின. எனக்கு மிகவும் பிடித்த ஒரு நிரூபணமும் போனது. அதை எடுக்க மனசே வரவில்லை. தனிக் கோப்பில் போட்டு, விருப்பமுள்ளவர்கள் படிக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

மிச்சமிருந்த ஸ்லைடுகளும் சரியில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இடது பக்கம் சிக்மா (கூட்டச் சொல்லும் குறி) போட்ட சூத்திரம். வலது பக்கம் மூன்று பத்தி அட்டவணை. கீழே நாலு வரி விளக்கம். அந்த நாலு வரியை நான் அப்படியே வாசித்துக்கொண்டிருப்பேன். பார்க்கிறவர் சூத்திரத்தையும் பார்த்து, அட்டவணையின் எந்த எண் சூத்திரத்தில் எங்கே உட்காருகிறது என்று தேடி, எழுத்தையும் படித்து, என் குரலையும் கேட்க வேண்டும். ஒரு வேலையைச் செய்யும்போது மனதில் பிடித்துவைத்திருக்கும் நம் செயல் நினைவகம் எவ்வளவு குறுகலானது என்று உளவியலாளர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். ஒரே நேரத்தில் அதில் நிற்கும் விஷயங்கள் ஏழு, கூடக்குறைய இரண்டு என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் சொன்னார். நெல்சன் கோவன் 2001இல் அதையும் குறைத்து, ஏறக்குறைய நான்கு என்றார். ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிவாற்றல் சுமைக் கோட்பாடு இதைக் கற்பித்தலோடு இணைத்தது. கண் அலைவதிலும் தேடுவதிலும் கவனம் செலவாகிவிட்டால், பாடத்துக்கென்று மிச்சம் எதுவும் இருக்காது. என் ஸ்லைடில் நடந்தது அதுதான்.

புதிய பாடத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை 4, 8, 6, 5, 7 என்ற ஐந்து எண்கள்தான். திரையில் முதலில் அவை மட்டும். சராசரி 6 என்று கண்டதும், ஒவ்வொரு எண்ணும் அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற விலகல்கள் பக்கத்தில் வருகின்றன: −2, 2, 0, −1, 1. அந்த நேரத்தில் சூத்திரத்தில் கழித்தல் நடக்கும் இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது, மற்றது மங்கலாக. பிறகு வர்க்கங்கள்: 4, 4, 0, 1, 1. கூட்டினால் 10. ஐந்தால் வகுத்தால் 2. இங்கே ஒரு நிறுத்தம். குரலும் நிற்கிறது, படமும் நிற்கிறது. "இந்த 2 எந்த அளவையில் இருக்கிறது? நாம் தொடங்கிய எண்களின் அளவையிலா, வர்க்கத்தின் அளவையிலா?" என்று ஒரு கேள்வி. பதில் சொன்ன பிறகுதான் வர்க்கமூலம், 1.41. பத்தொன்பதாவது நிமிடக் குன்று இருந்த இடம் இதுதான். வகுப்பில் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியை இந்தக் கேள்வியாக மாற்றி வைத்திருக்கிறேன்.

திரையில் எழுதியிருப்பதை வாசிப்பதை விடுவது எனக்குச் சிரமமாக இருந்தது. எழுத்தும் குரலும் சேர்ந்தால் இரட்டை பலம் என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த சோதனைகளில், அசையும் படத்தோடு குரல் விளக்கம் மட்டும் கேட்டவர்கள் நன்றாகக் கற்றார்கள். அதே வார்த்தைகளைத் திரையில் எழுத்தாகவும் சேர்த்துப் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். படமும் எழுத்தும் இரண்டுமே கண் வழியாகத்தான் வர வேண்டும். ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்று தவறிவிடுகிறது. பின்னணி இசையையும் அவர் ரொக்ஸானா மொரேனோவுடன் சோதித்து 2000இல் எழுதினார். அதுவும் கற்றலைக் குறைத்தது. என் வீடியோவில் மெல்லிசை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டேன். மூலைக்கு மூலை ஒட்டிவைத்திருந்த கார்ட்டூன் பொம்மைகளையும் எடுத்தேன்.

ஆனால் இதைப் படித்துவிட்டு சப்டைட்டிலையும் எடுத்துவிடாதீர்கள். காது கேளாதவருக்கு அதுதான் குரல். பாடம் நடக்கும் மொழியில் இன்னும் பழக்கம் வராதவருக்கும், பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறவருக்கும் அது வேண்டும். வேண்டும்போது போட்டுக்கொள்ளவும் வேண்டாதபோது அணைக்கவும் வசதியாகத் தனிக் கோப்பாகச் சேர்ப்பதுதான் முறை. வீடியோவுக்குள்ளேயே பதித்துவிடக் கூடாது. தானியங்கி சப்டைட்டிலை அப்படியே விட்டுவிடவும் கூடாது. என் பாடத்தில் "விலகல்" என்று நான் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் "விலங்கு" என்று வந்திருந்தது. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். எழுதிவைத்து வாசித்திருந்தால் அந்த வேலையே இருந்திருக்காது என்பதால், இப்போதெல்லாம் பேசப்போவதை முழுக்க எழுதிய பிறகுதான் பதிவு செய்கிறேன்.

எழுதிவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை எனக்குக் காட்டியது ஒரு கற்பவர் அனுப்பிய குரல் செய்தி. பார்வையற்றவர். திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானின் துணையோடு படிக்கிறவர். கோபமே இல்லாத குரலில் கேட்டிருந்தார்: "மேடம், 'இதை இதால வகுத்தா இது வந்துடும்'னு சொல்றீங்க. எதை எதால வகுக்கணும் மேடம்?"

அந்த வீடியோவை மறுபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அந்தப் பதிவு முழுக்க இதுதான். "இங்கே பாருங்க", "இது இப்படி மாறுது", "மேலே இருக்கிறதை அங்கே கொண்டுபோனா". மவுஸின் அம்பு எங்கே போகிறதோ அதை நம்பி நான் பேசிக்கொண்டிருந்தேன். கண் தெரிந்தவர்களுக்கும் அது உதவவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. கைபேசியின் சின்னத் திரையில் அந்த அம்பு ஒரு புள்ளிதான். அன்றிலிருந்து என் பேச்சை எழுதி முடித்ததும் ஒரு தடவை இது, அது, இங்கே, அங்கே, மேலே, கீழே என்ற வார்த்தைகளை மட்டும் தேடுகிறேன். ஒவ்வொன்றின் இடத்திலும் பெயரைப் போடுகிறேன். "வர்க்கங்களின் கூட்டுத்தொகை பத்தை, எண்ணிக்கை ஐந்தால் வகுத்தால் இரண்டு." கேட்கவும் தெளிவாக இருக்கிறது, சப்டைட்டிலில் படிக்கவும் தெளிவாக இருக்கிறது.

அவரோடு பேசியதில் இன்னொன்றும் தெரியவந்தது. என் பிடிஎஃப் குறிப்புகளைத் திரைவாசிப்பான் ஏதோ புரியாத எழுத்துக் கோவையாக வாசித்திருக்கிறது. அவற்றைப் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். திரைவாசிப்பானுக்கு அது தமிழ் என்றே தெரியாது. கோப்புக்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. எல்லாவற்றையும், தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்கப் படித்தாக வேண்டும்; கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். படமாக ஒட்டியிருந்த சூத்திரங்களுக்கு, படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரை எழுதினேன். "சூத்திரம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் அது மாற்று உரை ஆகாது. சூத்திரத்தை வாய்விட்டுச் சொன்னால் எப்படிச் சொல்வோமோ அப்படி எழுத வேண்டும். நிறத்தை மட்டும் நம்பிச் சரி, தப்பு என்று காட்டுவதை நிறுத்தினேன். பச்சையும் சிவப்பும் சிலருக்கு ஒன்றுபோலத் தெரியும், அதனால் பக்கத்தில் வார்த்தையும் இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 இருக்க வேண்டும் என்று இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி சொல்கிறது. நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்திருந்த இளஞ்சாம்பல் எழுத்து அந்தச் சோதனையில் தோற்றது.

சரி, வீடியோவின் நீளத்துக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் நான்கு படிப்புகளில், 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்வையாளர் செலவிட்ட இடைநிலை நேரம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அதிலிருந்து "ஆறு நிமிடம்" ஒரு மந்திரம் போலப் பரவிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்த ஆய்வு அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. எவ்வளவு கற்றார்கள் என்பதை அளக்கவில்லை. 52 நிமிடத்தைக் கத்தரியால் ஒன்பது துண்டாக வெட்டினால் ஒன்பது முழுமையற்ற வீடியோக்கள்தான் கிடைக்கும். நான் கேள்வியை வைத்து வெட்டுகிறேன். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு விஷயம் சேர்ந்ததும் வீடியோ முடிகிறது. சில துண்டுகள் மூன்று நிமிடம், ஒன்று எட்டரை நிமிடம். அந்த எட்டரை நிமிடத்தை நான் சுருக்கவில்லை. நடுவில் இரண்டு நிறுத்தங்கள் வைத்தேன்.

கோப்பின் எடையையும் பார்க்க வேண்டும். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் உருவாக்கிய வீடியோ நிமிடத்துக்கு 7.5 மெகாபைட் பிடிக்கும். பத்து நிமிடத்துக்கு 75. எண்களும் கோடுகளும் மட்டும் உள்ள பாடத்துக்கு அவ்வளவு தேவையில்லை. அதே குரலை 64 கிலோபிட் ஒலிக்கோப்பாகக் கொடுத்தால் ஆறு நிமிடம் மூன்று மெகாபைட்டுக்குள் அடங்கும். ஒலிக்கோப்பும் எழுத்துக் குறிப்பும் தனியாகத் தருகிறேன். இணைப்பு விட்டுவிட்டு வரும் இடத்தில் இருப்பவர்கள் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். படம் கொஞ்சம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், குரல் கரகரத்தால் போய்விடுகிறார்கள். செலவு செய்வதாக இருந்தால் கேமராவுக்கு முன்னால் மைக்குக்குச் செய்யுங்கள். அப்புறம், "போன வாரம் பார்த்தோமே" என்று பேச்சில் சொல்லாதீர்கள். கேட்பவர் அதை எந்த வரிசையில் பார்ப்பார் என்று தெரியாது.

கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் முறையிலும் ஒரு பெரிய மாற்றம் செய்தேன். பழைய பாடத்தில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, பத்துக் கணக்குகளைக் கொடுத்துப் போடச் சொன்னேன். ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தை வைத்துச் செய்த ஆய்வில், புதிதாகக் கற்பவர்களுக்கு, நிறையக் கணக்குகளைத் தானாகப் போட்டுப் பார்ப்பதைவிட முழுமையாகப் போட்டுக் காட்டிய கணக்குகளைப் படிப்பது நல்ல பலன் தந்தது. இப்போது முதல் கணக்கு முழுக்கப் போட்டுக் காட்டியது. இரண்டாவதில் கடைசிப் படி மட்டும் வெற்றிடம். மூன்றாவதில் கடைசி இரண்டு படிகள். இப்படியே கையை மெதுவாக விடுகிறேன். ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு இது எரிச்சல் தரும், அவர்கள் கற்பதையும் தடுக்கும். ஆகவே ஆரம்பத்திலேயே ஒரு கணக்கு. சரியாகப் போட்டால் நேராக மூன்றாவது பகுதிக்குப் போகலாம்.

கேள்விகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். பாடத்துக்கு முகம் தெரியும் இடம் அது ஒன்றுதான்.

என் பழைய வினாடி வினாவில் தப்பான விடைகளை வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தேன். ஒருவர் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் "தவறு, மீண்டும் முயற்சிக்கவும்" என்று வரும். எதை முயற்சிப்பார்? தெரிந்ததைத்தான் ஏற்கெனவே செய்துவிட்டாரே. இப்போது ஒவ்வொரு தப்பு விடையும் ஒரு குறிப்பிட்ட தடுமாற்றத்திலிருந்து வருகிறது. கேள்வி இது: 3, 5, 6, 7, 9 ஆகிய ஐந்து எண்கள் ஒரு முழுத் தொகுப்பு; இதன் திட்ட விலக்கம் என்ன? தேர்வுகள் 0, 2, 2.24, 4. சரியான விடை 2. நான்கைத் தேர்ந்தெடுத்தவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் வர்க்கமூலத்தை மறந்தவர். அவருக்குப் பாடம் முழுவதையும் திரும்பக் காட்டுவது அநியாயம். அவருக்கு வருவது இவ்வளவுதான்: "20 என்ற கூட்டுத்தொகையும் ஐந்தால் வகுத்ததும் சரி. நீங்கள் கண்டுபிடித்தது பரவற்படி, அதாவது விலகல்களின் வர்க்கங்களுடைய சராசரி. அது இன்னும் வர்க்கத்தின் அளவையில் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு படி."

பூஜ்ஜியத்தைத் தேர்ந்தெடுத்தவர் வர்க்கப்படுத்தவே இல்லை. அவருக்கு: "விலகல்களை அப்படியே கூட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். −3, −1, 0, 1, 3. கூட்டினால் பூஜ்ஜியம்தான் வரும். எந்த எண்களை எடுத்தாலும் சராசரியிலிருந்து விலகல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால் இந்த எண்கள் சிதறித்தானே இருக்கின்றன? சிதறலை மறைப்பது கழித்தல் குறிகள். அவற்றைப் போக்க நாம் என்ன செய்தோம்?"

2.24 என்ற தேர்வு முதலில் இல்லை. ஒருவர் எழுதியிருந்தார்: "எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், 2.24 வருகிறது. உங்கள் விடை தப்பு." அவர் சொன்னது நியாயமான சந்தேகம். எக்செல்லில் திட்ட விலக்கத்துக்கு முக்கியமாக இரண்டு செயற்கூறுகள் உண்டு. எஸ் என்ற எழுத்தில் முடிவது மாதிரிக்கானது, அதாவது பெரிய தொகுப்பிலிருந்து எடுத்த சில எண்களுக்கானது; எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, இங்கே நான்கால், வகுக்கும். பி என்ற எழுத்தில் முடிவது முழுத் தொகுப்புக்கானது, ஐந்தால் வகுக்கும். இருபதை நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2.24. கேள்வியில் "முழுத் தொகுப்பு" என்ற வார்த்தையே அப்போது இல்லை. அதைச் சேர்த்தேன், அந்த விடையையும் ஒரு தேர்வாகச் சேர்த்து, இந்த இரண்டு செயற்கூறுகளையும் அதன் விளக்கத்தில் எழுதினேன். இன்றைக்கு என் பாடத்திலேயே நல்ல விளக்கம் அதுதான். அது ஒரு புகாரிலிருந்து வந்தது. புகார்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அடுத்த பதிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி கேட்பது சோதிப்பதற்காக மட்டும் என்று நினைத்திருந்த காலமும் உண்டு. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு பத்தியை மறுபடி படித்தது, இன்னொரு குழு படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் கேட்டால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885லேயே தன்மீதே சோதித்து எழுதியிருக்கிறார். அதனால் திட்ட விலக்கக் கேள்வி அந்தப் பாடத்தோடு முடிவதில்லை. அடுத்த பாடத்தின் தொடக்கத்தில் ஒன்று வரும், அதற்கு அடுத்த வாரம் வேறொரு தலைப்புக்கு நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் ஒன்று வரும். "இதை ஏற்கெனவே முடிச்சிட்டோமே" என்று சிலர் கேட்பார்கள். முடித்ததை நினைவில் எடுக்கத்தான் அது.

காட்சிவழிக் கற்பவர், செவிவழிக் கற்பவர் என்று பிரித்து ஒரே பாடத்தை வெவ்வேறு விதமாகத் தயாரிக்கவும் ஒரு சமயம் முயன்றேன். ஹரோல்ட் பாஷ்லரும் மற்ற மூவரும் 2008இல் இந்தக் கருத்தை ஆராய்ந்து, பாணிக்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதியதைப் பின்னாளில்தான் படித்தேன். அந்த உழைப்பை எல்லாம் ஒரு நல்ல பாடத்தில் போட்டிருக்கலாம். உங்களிடம் நேரம் குறைவு என்றால் இதில் செலவழிக்க வேண்டாம்.

நேரத்தை ஒருவர் பக்கத்தில் உட்காரச் செலவழியுங்கள். பாடத்தைப் பார்க்கும் ஒரு ஆளின் பக்கத்தில், வாயைத் திறக்காமல். என் அக்கா மகள் கல்லூரி முதலாண்டு படிக்கும்போது அவளிடம் கைபேசியைக் கொடுத்துப் பாடத்தைத் திறக்கச் சொன்னேன். நான் ஒரு நோட்டோடு பின்னால் உட்கார்ந்தேன். முதல் திரையிலேயே நின்றுவிட்டாள். "சித்தி, இதுக்கு மேல எங்க போகணும்?" வாய் வரைக்கும் வந்த பதிலை அடக்கிக்கொண்டேன். வீட்டில் தனியாக இருக்கும் மாணவருக்குப் பின்னால் நான் இருக்க மாட்டேனே. அவள் திரையைத் தடவினாள், மேலே போனாள், கீழே வந்தாள், கடைசியில் கணினித் திரைக்காக நான் வலது மூலையில் வைத்திருந்த பொத்தானைக் கைபேசியின் விளிம்பில் கண்டுபிடித்தாள். அட்டவணையைக் கிடைவாக்கில் நகர்த்தி நகர்த்திப் படித்தாள். கேள்வி வந்தது, தப்பாகத் தொட்டாள், "தவறு" என்று வந்தது, உடனே அடுத்ததைத் தொட்டாள், அதுவும் தவறு, அடுத்தது சரி. எதையும் யோசிக்கவில்லை. ஒன்றிலாவது சரியாக வரும் வரை தொடுவதற்குத்தான் என் பாடம் அவளைப் பழக்கியிருந்தது. முப்பது நிமிடத்தில் நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது. எந்த ஆய்வுக் கட்டுரையும் எனக்கு அவ்வளவு சொல்லித்தரவில்லை.

திருத்தி முடிக்க இரண்டு மாதமானது. அட்டவணை கைபேசியில் ஒரு பத்தியாக அடுக்கி வரும்படி செய்தேன். ஒவ்வொரு திரையின் அடியிலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதினேன். தப்பு விடைகளுக்கு விளக்கம் எழுதினேன். அவளை மறுபடி கூப்பிட்டேன். "மறுபடியுமா சித்தி?" என்றாள், ஆனால் உட்கார்ந்தாள்.

3, 5, 6, 7, 9 வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பூஜ்ஜியத்தைத் தொட்டாள். விளக்கம் திறந்தது. என் பக்கம் திரும்பவில்லை, அடுத்த விடைக்கும் விரல் போகவில்லை. படித்தாள். கழித்தல் குறிகள் என்ற இடத்துக்கு வந்ததும் உதடு அசைவது தெரிந்தது. பக்கத்தில் கிடந்த தாளை இழுத்து, −3க்கு நேராக 9 என்று எழுதினாள்.